வெள்ளிக்கிழமை இறங்கும் பேட்டரி: ஒரு நிகழ்வு ஆய்வு

திங்கட்கிழமை காலையில் மட்டும் செல்ஃப் எடுக்காமல் போன ஒரு காரைப் பற்றியது இந்த ஆய்வு. கார் என் அண்ணியுடையது; அவர் பள்ளி ஆசிரியை. நான்கு மாதங்களுக்குள் அந்தக் காருக்கு ஒரு புதிய பேட்டரியும், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஓர் ஆல்டர்னேட்டரும் மாற்றப்பட்டன. பழைய பேட்டரி இன்னும் சில மாதங்களாவது ஓடியிருக்கக்கூடும்; ஆல்டர்னேட்டர் மாற்றியது முழுக்க வீண். பழுது வந்த நாள்களைப் பற்றி எல்லோரும் அவரிடம் துருவித் துருவிக் கேட்டோம். பழுது வராத நாள்களைப் பற்றி, நான் உட்பட, யாரும் கேட்கவில்லை. விடை அங்கேதான் இருந்தது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

காரும் அதன் வழக்கமும்

ஐந்து வயதான சிறிய பெட்ரோல் ஹாட்ச்பேக். 45 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள சாதாரண ஈய-அமில பேட்டரி. சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறக்கும் வசதியோ, சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து மீண்டும் ஓடும் வசதியோ இதில் கிடையாது. மின்சார இணைப்புகளைப் பொறுத்தவரை எளிமையான வண்டி என்றே சொல்லலாம். வார நாள்களில் காலையிலும் மாலையிலும் பதினைந்து நிமிடம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வீட்டில் நிறுத்தினால், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் அண்ணி மறுபடியும் அதை எடுப்பார்.

முதல் தடவை பழுது வந்த திங்கட்கிழமை, சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் மங்கி, பானெட்டுக்குள்ளிருந்து 'டிக்டிக்டிக்' என்று வேகமான சத்தம் மட்டும் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் மின்காந்த ஸ்விட்சான சொலினாய்டு இழுக்கப் பார்க்கும். அந்தக் கணத்தில் மின்னழுத்தம் விழுந்துவிடுவதால் பிடி விட்டுப்போகும். மறுபடியும் இழுக்கப் பார்க்கும். அந்த இழுபறிதான் இந்தச் சத்தம். பேட்டரி இறங்கியிருந்தாலும் வரும், டெர்மினல் பிடிப்பு தளர்ந்திருந்தாலும் வரும். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டதும் எஞ்சின் உடனே ஓடியது.

அடுத்த திங்கட்கிழமை ஒரு தொல்லையும் இல்லை. அதற்கடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அதே சத்தம். பேட்டரிக்கு நான்கு வயதாகியிருந்ததால், பழையதைச் சோதித்துப் பார்க்காமலேயே புதியதைப் போட்டுவிட்டார்கள். அந்த முடிவை நான் பெரிதாகக் குறை சொல்ல மாட்டேன். நான்கு வயதான பேட்டரி காலையில் மக்கர் செய்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். மூன்று வாரம் கார் ஒழுங்காக ஓடியதும், பேட்டரிதான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிட்டோம். நான்காவது திங்கட்கிழமை புதிய பேட்டரியும் இறங்கிக் கிடந்தது.

ஆல்டர்னேட்டர் மேல் விழுந்த பழி

புதிய பேட்டரி இறங்குகிறது என்றால் அது சார்ஜ் ஆகவில்லை என்றுதானே பொருள் என்பது ஒர்க்‌ஷாப்பில் சொன்ன விளக்கம். ஜம்ப் செய்து கொண்டுபோன காரில், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துப் பார்த்ததில் 13.1 வோல்ட் காட்டியிருக்கிறது. சரியாக இயங்கும் சார்ஜிங் அமைப்பில் பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும் என்பது உண்மைதான். அந்த எண்ணை வைத்து ஆல்டர்னேட்டரை மாற்றிவிட்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசித்திருக்க வேண்டும். முழுக்க இறங்கிய ஒரு பேட்டரி, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தன்னால் முடிந்த அளவு மின்னோட்டத்தை உறிஞ்சும். எஞ்சின் குறைந்த வேகத்தில் சுற்றும்போது ஆல்டர்னேட்டரால் தரக்கூடிய மின்னோட்டமும் குறைவு. கேட்பது அதிகம், கொடுக்க முடிவது குறைவு என்னும் நிலையில், நல்ல ஆல்டர்னேட்டரும்கூட சிறிது நேரத்துக்கு 14 வோல்ட்டைத் தொடாமல் நிற்கும். சார்ஜிங்கைச் சோதிக்க வேண்டுமானால், பேட்டரியை முதலில் வெளியிலிருந்து சார்ஜர் போட்டு நிரப்பிவிட்டு, அதன் பிறகு அளக்க வேண்டும். இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு எடுத்த 13.1 என்ற எண், பேட்டரி இறங்கியிருக்கிறது என்ற தெரிந்த செய்தியைத்தான் மறுபடியும் சொன்னது.

இன்னொன்றும் இருக்கிறது. சார்ஜ் ஆகாத வண்டி திங்கட்கிழமையை மட்டும் தேர்ந்தெடுத்துப் படுக்காது. செவ்வாய், புதன் என்று நாளுக்கு நாள் சுணங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி விளக்கை எரியவைத்திருக்கும். இந்தக் காரில் அந்த விளக்கு ஒரு நாளும் எரிந்ததில்லை.

சக ஓட்டுநர்கள் சொன்ன வழிகள்

இதற்கிடையில் கார் வைத்திருக்கும் நண்பர்களும் உறவினர்களும் அண்ணிக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள். எல்லோரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். சில வழிகள் பயனுள்ளவை, ஒன்று ஆபத்தானது.

ஆபத்தானதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றிப் பார், எஞ்சின் அணையாமல் ஓடினால் ஆல்டர்னேட்டர் நல்லது என்பது இன்றும் பலர் சொல்லும் சோதனை. கட்டுப்பாட்டுக் கணினிகள் இல்லாத பழைய வண்டிகளில் செய்து பழகியவர்களிடமிருந்து வந்தது அது. பேட்டரி, காரின் மின்னழுத்தத்தை ஏற்ற இறக்கமில்லாமல் தாங்கிப் பிடிக்கும் மெத்தை போல இயங்குகிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் அதைத் திடீரென்று பிரித்தால், ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அந்த ஒரு கணம் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டையோடுகளையும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியையும் பழுதாக்கப் போதும். அண்ணி அதைச் செய்யாமல் விட்டது நல்லதாயிற்று.

சனி, ஞாயிறு இரு நாளும் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிடச் சொன்னார் ஒருவர். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய பேட்டரி கொடுப்பது மிகச் சிறிய அளவுதான். 150 ஆம்பியர் இரண்டு நொடி ஓடினாலும் 0.1 ஆம்பியர்-மணிகூட ஆகாது, ஓடும் எஞ்சின் அதைச் சில நிமிடங்களில் திருப்பித் தந்துவிடும். ஆனால் நின்றுகொண்டிருக்கும்போது வேறெங்கோ மின்சாரம் கசிந்துகொண்டிருந்தால், பத்து நிமிட ஓட்டம் அதற்கு ஈடாகாது. பெரிய கொள்ளளவுள்ள பேட்டரி போடுங்கள் என்ற யோசனைக்கும் இதே பதில்தான்: ஓட்டைப் பானைக்குப் பதில் பெரிய ஓட்டைப் பானை. வெள்ளிக்கிழமை இரவு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள் என்றார் மற்றொருவர். தற்காலிகமாக அது வேலை செய்யும். எதனால் இறங்குகிறது என்பதை மட்டும் அது சொல்லாது.

அளவீடு

ஆல்டர்னேட்டரை மாற்றியும் தொல்லை நிற்கவில்லை; கார் என் கைக்கு வந்தபோது புதிய பேட்டரி மூன்றாவது முறையாக இறங்கியிருந்தது. ஓர் இரவு முழுக்க 4 ஆம்பியரில் நிதானமாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, பல மணி நேரம் ஓய்வாக விட்டு அளந்தேன்: 12.6 வோல்ட். ஆறு அறைகள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், நிரம்பிய பேட்டரி இப்படித்தான் காட்டும். செல்ஃப் போடும்போது 10.4 வரை இறங்கி மீண்டது, 9.6-க்குக் கீழே போனால்தான் கவலை. எஞ்சின் ஓடும்போது 14.2, முகப்பு விளக்கையும் ப்ளோயரையும் போட்ட பிறகும் 13.9. செல்ஃப் போடும் நேரத்தில் எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.1 வோல்ட்தான் இருந்தது. ஆகவே எர்த் இணைப்பும் நன்றாக இருந்தது.

மிஞ்சியது கசிவு. கார் நிற்கும்போதும் கடிகாரம், ரேடியோவின் நினைவகம், திருட்டு எச்சரிக்கை அமைப்பு, கணினிகள் எல்லாம் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டுதான் இருக்கும். 0.02 முதல் 0.05 ஆம்பியர் வரை இயல்பு. அதை அளக்க மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் இணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கிளாம்புக்கும் நடுவில் வைக்க வேண்டும். கிளாம்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு தனி வயரால் அந்த இரண்டையும் இணைத்துவைத்து, மீட்டரைப் பொருத்திய பிறகு அந்த வயரை எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு நொடி மின்சாரம் அறுந்து, உறங்கிக்கொண்டிருக்கும் கணினிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். மீட்டர் இப்படி நடுவில் இருக்கும்போது எக்காரணம் கொண்டும் சாவியைத் திருப்பக் கூடாது. ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்னோட்டத்தில் மீட்டரின் ஃபியூஸ் அந்த நொடியே போய்விடும்.

கதவுகளைப் பூட்டி, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, பானெட்டைத் திறந்துவைத்தபடி காத்திருந்தேன். தொடக்கத்தில் 2.8 ஆம்பியர்; சில நிமிடங்களில் 0.2, இருபத்தைந்து நிமிடத்தில் 0.03. அரை மணி நேரம் மேலும் காத்திருந்தும் அந்த எண் அசையவில்லை. பொறுமையில்லாமல் முதல் ஐந்து நிமிடத்திலேயே அளந்துவிட்டு, பெரிய கசிவு இருக்கிறது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. எனக்கு நேர்ந்தது அதற்கு நேர்மாறான தவறு. 0.03-ஐப் பார்த்ததும், இந்தக் காரில் கசிவே இல்லை என்று எழுதிவைத்துவிட்டேன்.

அண்ணி சொன்ன ஒரு வாக்கியம்

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் கார் இறங்குகிறது, நாள் கணக்கில் நின்றால் எந்தப் பேட்டரியும் இறங்கத்தானே செய்யும் என்று நான் சமாதானம் சொல்லத் தொடங்கியபோது அண்ணி இடைமறித்தார்: "இல்ல தம்பி, போன லீவுக்கு அஞ்சு நாள் நாங்க ஊர்லயே இல்ல. அசையாம நின்ன வண்டி, வந்து சாவி போட்டதும் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆச்சே."

அதுவரை நாங்கள் அத்தனை பேரும் நம்பியிருந்தது, இரண்டு நாள் நிற்பதால்தான் பேட்டரி இறங்குகிறது என்று. ஐந்து நாள் நின்றும் இறங்காத கார், இரண்டு நாளில் இறங்குகிறது என்றால், நிற்பது காரணமாக இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை காரை நிறுத்தும்போது, வேறெந்த நாளும் செய்யாத ஏதோ ஒன்றை அவர் செய்திருக்க வேண்டும்.

ஒரு காகிதத்தை எடுத்து, நினைவுக்கு எட்டிய திங்கட்கிழமைகளை எல்லாம் இரண்டு வரிசையாக எழுதினோம். செல்ஃப் எடுக்காதவை ஒரு பக்கம், எடுத்தவை இன்னொரு பக்கம். பள்ளி நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் படம் தெளிவானது. இறங்கிய வாரங்கள் எல்லாம் தேர்வு நடந்த வாரங்கள். புதிய பேட்டரி போட்ட பிறகு ஒழுங்காக ஓடிய அந்த மூன்று வாரங்களில் தேர்வே இல்லை. பேட்டரி மாற்றியதால் சரியானது என்று நாங்கள் நம்பியது, வெறும் காலப் பொருத்தம்.

தேர்வு வாரத்தில் காருக்கு என்ன வேறுபாடு? விடைத்தாள்கள். வெள்ளிக்கிழமை மாலையில் திருத்துவதற்காக விடைத்தாள் கட்டுகளை டிக்கியில் போட்டுக்கொண்டு வருவார். வீட்டில் வந்து டிக்கியைத் திறந்து, கட்டுகளை இடக்கையில் அணைத்துக்கொண்டு, வலக்கையால் மூடுவார். மற்ற நாள்களில் டிக்கியை அவர் திறப்பதே இல்லை. நான் கசிவை அளந்த அன்றும் டிக்கியை யாரும் தொடவில்லை.

டிக்கிக்குள்

மீட்டரை மறுபடியும் இணைத்தேன். கட்டு இருப்பது போலவே ஒரு பையை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மூடுவது போலவே மூடச் சொன்னேன். மூடி இறங்கியது, பூட்டும் பிடித்தது, வெளியிலிருந்து பார்த்தால் நன்றாக மூடியிருந்தது. நாற்பது நிமிடம் கழித்தும் மீட்டர் 0.45-க்குக் கீழே இறங்கவில்லை. உள்விளக்குகளுக்கான ஃபியூஸை உருவியதும் 0.03.

கைப்பேசியில் வீடியோப் பதிவை ஓடவிட்டு, அதை டிக்கிக்குள் மேல்நோக்கி வைத்து, அதே மாதிரி ஒரு கையால் மூடினோம். திறந்து பார்த்தபோது, பதிவின் முழு நேரமும் உள்ளே மஞ்சள் வெளிச்சம். மறுமுறை இரண்டு கையாலும் ஓங்கி மூடியபோது, மூடி விழுந்த சத்தத்தோடு படம் இருண்டது.

இந்தக் காரில் டிக்கி விளக்கை இயக்குவது, பூட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சிறிய அமுக்கு ஸ்விட்ச். மூடியின் அடியில் பொருத்திய ரப்பர் குமிழ் அதை அழுத்தினால் விளக்கு அணையும். அந்தக் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துளைதான் இருந்தது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைத் திறந்து பார்த்தபோது, சக்கரத்தின் விளிம்பு ஓரமாக, தூசி படிந்து, காம்பு முறிந்து கிடந்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது, அமுக்கினால் வளையாத அளவுக்குக் கெட்டிப்பட்டிருந்தது.

டிக்கிப் பூட்டு இரண்டு படிகளில் பிடிக்கும். மெல்ல மூடினால் முதல் படியோடு நிற்கும். மூடி சில மில்லிமீட்டர் தூக்கலாக இருக்கும், ஆனால் இழுத்தாலும் திறக்காது. குமிழ் இருந்த காலத்தில் முதல் படியிலேயே ஸ்விட்ச் அழுந்திவிட்டது. குமிழ் விழுந்த பிறகு, இரண்டாவது படி வரை போனால்தான் மூடியின் தகடே ஸ்விட்சைத் தொடும். டிக்கி சரியாக மூடவில்லை என்று காட்டும் எச்சரிக்கை விளக்கு இந்த மாடலில் இல்லை. திங்கட்கிழமை காலையில் டிக்கியைத் திறந்தாலும், திறந்ததும் விளக்கு எரிவது இயல்புதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

கணக்கு

டிக்கியில் இருப்பது 5 வாட் பல்பு. 12 வோல்ட்டில் அது 0.42 ஆம்பியர் எடுக்கும், இயல்பான 0.03-ஐக் கூட்டினால் மீட்டர் காட்டிய 0.45. வெள்ளி மாலை ஏழு முதல் திங்கள் காலை எட்டு வரை 61 மணி நேரம், ஏறத்தாழ 27 ஆம்பியர்-மணி. பதினைந்து நிமிட ஓட்டங்களில் மட்டுமே சார்ஜ் ஆகும் பேட்டரி முழுக்க நிரம்பியிருக்காது; நூற்றுக்கு எண்பது என்று வைத்துக்கொண்டால் கையிருப்பு 36. திங்கட்கிழமை மிஞ்சுவது 9. அவ்வளவு இறங்கிய பேட்டரியால், ஸ்டார்ட்டர் கேட்கும் பெரிய மின்னோட்டத்தை மின்னழுத்தம் விழாமல் தர முடியாது. ஒரு சிறிய விளக்கு பேட்டரியைத் தின்றுவிடுமா என்று அண்ணன் நம்பாமல் கேட்டார். இந்தக் கணக்கை எழுதிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். விடுமுறையில் நின்ற ஐந்து நாளுக்குக் கணக்கு 120 மணி நேரத்துக்கு 3.6 ஆம்பியர்-மணி மட்டுமே. வார நாளில் ஓர் இரவு விளக்கு எரிந்திருந்தாலும் சுமார் 6 தான் போயிருக்கும். காலையில் செல்ஃப் எடுத்துவிடும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஜம்ப் செய்துவிட்டுப் பள்ளிக்குப் போய்வந்தால் பேட்டரி நிரம்பிவிடும் என்று நினைத்ததும் இந்தக் கணக்கில் அடிபடுகிறது. பதினைந்து நிமிடமும் 30 ஆம்பியர் வீதம் ஏறியதாக வைத்தாலும் 7.5 ஆம்பியர்-மணிதான், நிரம்ப நிரம்ப பேட்டரி ஏற்றுக்கொள்ளும் வேகமும் குறையும். இறங்கிய பேட்டரியை ஜம்ப் செய்த அன்று இரவே சார்ஜர் போட்டு நிரப்பியிருக்க வேண்டும். இறங்கிய நிலையிலேயே கிடக்கும்போது தகடுகளில் படியும் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் முழுக்கக் கரையாது. கார் பேட்டரி கணநேரம் பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. ஆழமாக இறங்குவதைப் பலமுறை தாங்காது.

பிறகு

புதிய குமிழைத் துளையில் அழுத்தியதும், முதல் படியில் மூடினாலும் விளக்கு அணைவதை அதே கைப்பேசிப் பதிவால் உறுதிசெய்துகொண்டோம். பல்பை எல்.இ.டி.யாக மாற்றிவிடலாமே என்று அண்ணன் கேட்டார். மாற்றலாம். ஆனால் குமிழை விட்டுவிட்டு அதை மட்டும் மாற்றியிருந்தால், 1 வாட் விளக்கு வார இறுதியில் 5 ஆம்பியர்-மணிதான் எடுத்திருக்கும். திங்கட்கிழமை செல்ஃப் எடுத்திருக்கும், டிக்கியும் அரைகுறையாக மூடிய நிலையிலேயே சாலையில் ஓடியிருக்கும். அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குக் கவலை தந்தது. அதனால் குமிழைப் போட்டு மூன்று வாரம் பார்த்த பிறகே பல்பை மாற்றினோம்.

மூன்று முறை ஆழமாக இறங்கிய அந்தப் பேட்டரி இன்னும் காரில்தான் இருக்கிறது. அடுத்த தேர்வுக் காலத்தில் நான்கு திங்கட்கிழமைகள், எஞ்சினை எடுப்பதற்கு முன் அண்ணியே மீட்டர் வைத்துப் பார்த்து எழுதிவைத்தார்: 12.5, 12.4, 12.5, 12.5. டிக்கியை மூடுவதற்கு முன் விடைத்தாள் கட்டை இப்போது கீழே வைத்துவிடுகிறார்.